எந்தப் புதூர்?

குற்றாலத்தில் சீசன் தொடங்கிவிட்டால் குழல்வாய்மொழிக்குச் சாப்பாட்டு நேரம் என்று ஒன்று கிடையாது. ஜூன் கடைசியிலிருந்து ஆகஸ்ட் பாதிவரை மதியச் சோற்றைப் பதினோரு மணிக்கோ நாலு மணிக்கோ, தூக்குவாளியிலிருந்தே அள்ளிச் சாப்பிடுவாள். வாயில் சோறு இருக்கும்போதுதான் வயர்லெஸ் கூப்பிடும். விழுங்கிவிட்டு, மைக்கை அழுத்தி, "பேஸ் கேக்குதேன், சொல்லுங்க, ஓவர்" என்பாள். இருபத்தோரு வருடமாக இதையே சொல்லிக்கொண்டிருந்தாள். வீட்டில் யாராவது கூப்பிட்டால்கூடச் சில நேரம் பேச்சின் கடைசியில் 'ஓவர்' வந்து ஒட்டிக்கொள்ளும். முதலில் அதற்குச் சிரித்தார்கள். பிறகு யாரும் சிரிப்பதில்லை, அவளும் கவனிப்பதில்லை.

வடகரையில் நெல்விவசாயக் குடும்பத்தில் பிறந்தவள். குற்றாலத்து அம்மனின் பேரை அப்பா ஆசையாக வைத்துவிட்டார். அந்தப் பேரை ஆங்கிலத்தில் எழுதப் போன ஒவ்வொரு அலுவலகமும் ஒவ்வொரு விதமாக எழுதியது. பன்னிரண்டாம் வகுப்பு முடித்து டைப்ரைட்டிங் பாஸ் பண்ணினாள். உள்ளூரிலேயே, பள்ளிக்கூட வேன் ஓட்டும் ஆதித்தனுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். ஒரு பெண் பிறந்து, அது பால்வாடிக்குப் போகத் தொடங்கியபின், தென்காசியில் டைப்பிஸ்ட் வேலை இருக்கிறது என்று கேள்விப்பட்டுப் போனாள்.

வேலை கொடுத்தது அருவிக்கரை அவசர உதவி அறக்கட்டளை. இரும்புக்கடை வைத்திருக்கும் ஜெபஸ்டின் என்பவர் நான்கைந்து வியாபாரிகளைச் சேர்த்துக்கொண்டு நடத்தியது. ஐந்து ஆம்புலன்ஸ்கள். மெயின் அருவியில் ஒன்று, ஐந்தருவியில் ஒன்று, பழைய குற்றாலத்தில் ஒன்று, செங்கோட்டையில் ஒன்று, தென்காசி பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒன்று. சீசன் கூட்டத்தில் செல்போன் எல்லாம் திணறிப்போய்விடும். போனில் டவர் நான்கு கோடு காட்டும், பேச்சு மட்டும் போகாது. அதனால் லைசென்ஸ் வாங்கி வண்டிகளில் வயர்லெஸ் வைத்தார்கள். செட்டை விற்றவன் போகும்போது பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு தாளைக் கொடுத்துவிட்டுப் போனான். ஏ என்றால் ஆல்ஃபா, பி என்றால் பிராவோ, சி என்றால் சார்லி என்று இசட் வரைக்கும் இருந்தது.

"நீ டைப் அடிக்கிற புள்ள. எழுத்து ஒனக்குத்தான் தெரியும். நீயே ஒக்காரு" என்று ஜெபஸ்டின் அவளை மைக் முன்னால் உட்கார வைத்தார். ஒரு மாதத்துக்குத்தான் என்றார். அந்த மேஜைக்கு வயர்லெஸ்ஸில் 'பேஸ்' என்று பேர்.

தாளைப் பார்த்து டிரைவர்கள் முதலில் கேலிதான் செய்தார்கள். அவர்களிடம் சொந்தமாக ஒரு முறை இருந்தது: பி ஃபார் பாம்பே, பி ஃபார் புளியங்குடி. அதில்தான் வம்பு. ஆங்கிலத்தில் இரண்டு 'பி' உண்டே, நம் வாயில் இரண்டும் ஒன்றுதானே. இரைச்சலில் பியும் டியும் ஈயும் வியும் எல்லாம் ஒரே 'ஈ' என்றுதான் வந்து விழும். கேரளாக்காரர் கார் ஒன்றின் எண்ணை ஒரு டிரைவர் சொல்ல, இவள் ஓர் எழுத்தை மாற்றி எழுதிக்கொள்ள, காயம்பட்டவரின் சொந்தக்காரர்கள் இரண்டு மணி நேரம் வேறு காரைத் தேடினார்கள். அன்றிலிருந்து அவள் பிடிவாதமானாள். எழுத்தாக இருந்தால் தாளில் இருக்கிறபடிதான் சொல்ல வேண்டும். ரத்த குரூப் சொன்னால், ஓ என்பதற்கு ஆஸ்கர், பி என்பதற்கு பிராவோ. சொல்லாவிட்டால் பதில் கொடுக்க மாட்டாள்.

ஊர்ப் பேருக்கும் அவளே ஒரு விதி போட்டாள். சுற்றுவட்டாரத்தில் மூன்று புதூர்கள். கிழக்கே இருப்பது வீரகேரளம்புதூர். அதை யாரும் முழுசாகச் சொல்வதில்லை, வி.கே.புதூர்தான். வடக்கே வடகரைக்குப் பக்கத்தில் அச்சன்புதூர். செங்கோட்டை ஓரத்தில் வெறும் புதூர் ஒன்று. மூன்றும் மூன்று திசை. அதனால் வயர்லெஸ்ஸில் விக்டர் கிலோ புதூர், ஆல்ஃபா புதூர், செங்கோட்டையின் எஸ்ஸுக்குச் சியரா புதூர். செங்கோட்டை வண்டி ஓட்டும் பேச்சிராஜ் இதைக் கேட்டு, "நம்ம ஊருக்கெல்லாம் வெள்ளக்காரன் பேரு வச்சிட்டீயளே அக்கா" என்றான். ஆனால் ஒரு வாரத்தில் அவன் வாயிலும் அது பழகிவிட்டது.

ஒரு மாதம் என்று உட்கார்ந்த இடத்தில் வருடங்கள் போயின. பெண் வளர்ந்து கோயம்புத்தூரில் வேலைக்குப் போய்விட்டாள். ஆதித்தனுக்கு முதுகுவலி வந்து, வேன் ஓட்டுவதைக் காலை ஒரு நடையோடு நிறுத்திக்கொண்டான். குழல்வாய்மொழி மட்டும் ஏழரை மணி பஸ்ஸைப் பிடித்துத் தென்காசிக்குப் போய், படி ஏறி, வலது காதில் ஒற்றைக்காது ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். சறுக்கி விழுந்தவர்கள், மூச்சு முட்டியவர்கள், எண்ணெய் தேய்த்துக்கொண்டு மயங்கியவர்கள், தண்ணீர் அடித்துக்கொண்டு போனவர்கள். எல்லாரும் அவளுக்கு எழுத்துகளாகத்தான் வந்தார்கள். ஒருவர் முகமும் தெரியாது.

மூன்று வருடங்களுக்கு முன் ஒரு நாள் அவளுடைய செல்போன் வேலை செய்யவில்லை. எதிர்முனை பேசுவது கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருந்தது. பஸ் ஸ்டாண்டுப் பக்கம் கிதிர் முகம்மதுவின் கடைக்குக் கொண்டுபோனாள். அவர் யாரையோ கூப்பிட்டுப் பேசிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"போன் நல்லாத்தான இருக்கு. கணீர்னு கேக்கு."

அவள் இடது காதில் வைத்துப் பார்த்தாள். பிறகு, அவர் வேறு ஆளைக் கவனிக்கத் திரும்பியபோது, வலது காதுக்கு மாற்றினாள். கணீர் என்றுதான் கேட்டது.

அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. முதலில், சளி என்று நினைத்தாள். பிறகு, சீசன் முடியட்டும் என்று நினைத்தாள். அடுத்த சீசனும் முடிந்தது. வேலை போய்விடும் என்ற பயம் ஒரு பக்கம் இருந்தது. அதைவிட, புதிதாக எதையாவது தொடங்க வேண்டுமே, டாக்டரிடம் போய் வரிசையில் நிற்க வேண்டுமே என்ற அலுப்புதான் பெரிதாக இருந்தது. வலது காது இருக்கிறதே என்று ஓட்டினாள். கொஞ்ச நாளில் அந்த வலது காதிலும் மெல்லிய சத்தங்கள் உதிர ஆரம்பித்தன. அப்போது அவளைத் தாங்கிக்கொண்டது அந்தத் தாள்தான். முன்பு எண்ணுக்கும் ரத்த குரூப்புக்கும் மட்டும் கேட்டவள், இப்போது எல்லாவற்றுக்கும் கேட்டாள். ஆள் பேர், லாட்ஜ் பேர், மருந்துப் பேர். "எழுத்து எழுத்தாச் சொல்லு, ஓவர்." டிரைவர்கள் அவளுக்கு ஆல்ஃபா அக்கா என்று பேர் வைத்தார்கள். பேச்சிராஜ் டீக்கடையிலிருந்து வயர்லெஸ்ஸில், "அக்கா, ஒங்களுக்கு டேங்கோவா சார்லியா?" என்று கேட்பான். டீ என்றால் டேங்கோ, காப்பி என்றால் சார்லி.

ஆண்டு விழாவில் ஜெபஸ்டின் அவளுக்குப் பொன்னாடை போர்த்தினார். "இவ்வளவு ஒழுங்கா ஒரு வேலைய ஒருத்தி செய்து நான் பாத்ததில்ல" என்று மேடையில் சொன்னார். முன்வரிசையில் உட்கார்ந்திருந்தும் அந்த வாக்கியத்தில் பாதிதான் அவளுக்கு விழுந்தது. மீதியைப் பக்கத்தில் இருந்த ஹஸீபா சொல்லித்தான் தெரிந்துகொண்டாள்.

ஹஸீபா போன் பார்ப்பவள். வெளியிலிருந்து வரும் அழைப்புகளை அவள் எடுத்து எழுதிக் கொடுப்பாள். குழல்வாய்மொழி அதை வயர்லெஸ்ஸில் வண்டிக்குச் சொல்வாள். இந்த ஏற்பாட்டில்தான் இடது காதின் சங்கதி மூன்று வருடம் வெளியே வராமல் இருந்தது.

இந்த வருடம் ஆடி மாதம் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை. விடிந்ததிலிருந்து சாரல். ஐந்தருவியில் தண்ணீர் ஆர்ப்பரித்து விழுகிறது என்று செய்தி பரவி, மதுரைக்காரர்களும் கேரளாக்காரர்களும் வண்டி வண்டியாக வந்து இறங்கியிருந்தார்கள். காலையிலிருந்து பதினான்கு அழைப்பு. ஒன்றரை மணிக்கு ஹஸீபா சாப்பிடக் கிளம்பினாள்.

"யக்கா, போன ஒங்க பக்கத்துல வச்சிட்டுப் போறேன். அரை மணி நேரத்துல வந்திருவேன்."

போகாதே என்று சொல்ல ஒரு காரணமும் இல்லை. அந்தப் பெண் காலையில் ஒரு வாய் டீ குடித்ததோடு இருந்தாள்.

அவள் படி இறங்கிய கொஞ்ச நேரத்தில் ஐந்தருவி வண்டி கூப்பிட்டது. ஓர் அம்மா பாறையில் சறுக்கி விழுந்து மண்டை உடைந்திருக்கிறது, ரத்தம் தேவைப்படும், ஆஸ்பத்திரிக்கு முன்கூட்டிச் சொல்ல வேண்டும். டிரைவர் குரூப்பைச் சொல்லிக்கொண்டிருந்தான். "ஆல்ஃபா பிராவோ நெகட்டிவ். திரும்பச் சொல்லுதேன்…" அருவிச் சத்தம் அவன் குரலை மூடிக்கொண்டு வந்தது. அதே நேரம் மேஜையில் இருந்த போன் வெளிச்சமாகத் துடித்தது. வலது காதில் ஹெட்செட். அவள் போனை எடுத்து இடது காதில் வைத்தாள்.

ஒரு பெண் குரல் என்பது தெரிந்தது. அழுகிறது என்பதும் தெரிந்தது. அப்பா என்ற சொல் வந்தது. விழுந்துட்டாவொ, வாய் கோணி, என்று ஏதோ வந்தது. பிறகு, "…புதூர்."

"எந்தப் புதூர்மா?"

"…புதூர்."

"சத்தமாச் சொல்லும்மா. எந்தப் புதூரு?"

அந்தப் பெண் கத்தித்தான் சொல்லியிருக்க வேண்டும். ஏதோ ஒன்றும் அதன் முடிவில் புதூரும் வந்தது. வலது காதில் ஐந்தருவி டிரைவர், "பேஸ், கேட்டுச்சா, கேட்டுச்சா" என்று நச்சரித்தான். விக்டரா ஆல்ஃபாவா என்று அந்தப் பெண்ணிடம் கேட்க முடியாது. செட்டுக்கு இந்தப் பக்கம் இருப்பவர்களுக்குத்தான் தாள் கொடுத்திருந்தார்கள். வெளியிலிருந்து கூப்பிடுகிறவர்களிடம் அழுகை மட்டும்தான் இருந்தது.

நாலாவது முறையும் சொல்லச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. முதல் சத்தம் 'அ' மாதிரி இருந்தது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அச்சன்புதூர் அவள் ஊருக்குப் பக்கத்து ஊர். நாவில் முதலில் வருவதும் அதுதான். "வண்டி வருதும்மா" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டு மைக்கை அழுத்தினாள்.

"செங்கோட்டை வண்டி, ஆல்ஃபா புதூர் போ. பக்கவாதம் மாதிரி இருக்கு. சீக்கிரம் போ, ஓவர்."

பதினேழு நிமிடத்தில் பேச்சிராஜ் கூப்பிட்டான். "பேஸ், நான் ஆல்ஃபா புதூர் முக்குல நிக்கேன். இங்கன யாரும் கூப்பிடலன்னு சொல்லுதாவொ. எந்தத் தெரு? ஓவர்."

தெருவை அவள் கேட்கவே இல்லை. அப்போதுதான் ஹஸீபா கையைத் துடைத்துக்கொண்டே உள்ளே வந்தாள். மேஜையின் இடதுபக்கம், தாள்களுக்கு அடியில் கிடந்த போனை எடுத்தாள்.

"யக்கா, ஒரே நம்பர்ல இருந்து அஞ்சு மிஸ்டு கால் கெடக்கே. அடிச்சது கேக்கலியா?"

ஹஸீபா அந்த எண்ணைக் கூப்பிட்டாள். கேட்டுக்கொண்டே இருந்தவளின் முகம் மாறியது. போனைக் கையால் மூடிக்கொண்டு, "வி.கே.புதூராம்" என்றாள்.

தென்காசி வண்டி பறந்தது. ஆனால் அங்கே அதற்குள் பொறுக்கமாட்டாமல் பக்கத்து வீட்டுக்காரர் தன்னுடைய லோடு ஆட்டோவில் ஆளைத் தூக்கிப் போட்டுக் கிளம்பிவிட்டார். பாதி வழியில் மாற்றி ஏற்றினார்கள். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்போது, நேராகப் போயிருந்தால் ஆகும் நேரத்தைவிட நாற்பது நிமிடம் கூட ஆகியிருந்தது.

ஆளின் பேர் தங்கசாமி. வயது அறுபத்திரண்டு. வயலில் தண்ணீர் பாய்ச்சிவிட்டு வந்து சாப்பிட உட்கார்ந்தவர், இலை முன்னாலேயே சாய்ந்திருந்தார். உயிர் பிழைத்துக்கொண்டார். வலது கையும் காலும் விழுந்துவிட்டன, பேச்சு குழறியது. திருநெல்வேலி பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். நேரம் தவறியதால்தான் இப்படியா என்று பேச்சிராஜ் அங்கே ஒரு டாக்டரிடம் கேட்டுப் பார்த்திருக்கிறான். முன்னாடியே வந்திருந்தாலும் இப்படித்தான் இருந்திருக்கலாம், இதைவிட நன்றாகவும் இருந்திருக்கலாம், சொல்ல முடியாது என்றாராம்.

மறுநாள் ஜெபஸ்டின் நோட்டைப் புரட்டினார். 'அச்சன்புதூர், பக்கவாதம், 1.42' என்று அவள் கையெழுத்து.

"பதட்டத்துல அந்தப் புள்ள ஊரு பேர மாத்திச் சொல்லிருக்கும். அழுகையில என்ன தெரியும், பாவம்" என்றார். அவரே கேள்வியைக் கேட்டு, அவரே பதிலையும் சொல்லிவிட்டார். அறிக்கையிலும் அப்படியே எழுதினார்: அழைத்தவர் ஊரைத் தவறாகக் குறிப்பிட்டதால் தாமதம். குழல்வாய்மொழி எதிரே நின்றாள். இல்லை என்று சொல்ல வாய் திறந்தபோது பழைய குற்றாலம் வண்டி கூப்பிட்டது. ஓடிப்போய் மைக்கை எடுத்தாள். அந்தச் சமயத்தில் அது கூப்பிட்டது அவளுக்கு நிம்மதியாக இருந்தது.

பத்து நாள் போயிற்று. வேலை நடந்தது. தூக்குவாளிச் சோறு பாதிக்கு மேல் மிஞ்சி வீட்டுக்குத் திரும்பியது. ஆதித்தன், "என்னட்டி, ஒடம்புக்குச் செரியில்லையா?" என்று கேட்டான். சீசன் களைப்பு என்றாள். அதுவும் பொய்யில்லை. கால் வீங்கியிருந்தது, கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது. பஸ்ஸில் உட்கார்ந்த மாத்திரத்தில் கண் செருகியது. ஆனால் தூங்கி எழுந்தாலும் களைப்பு இருந்த இடத்திலேயே இருந்தது.

தங்கசாமியை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள் என்று பேச்சிராஜ் சொன்ன மறுநாள், அவள் லீவு கேட்டுக்கொண்டு வி.கே.புதூருக்குப் பஸ் ஏறினாள். ஏன் போகிறோம் என்று அவளுக்கே தெளிவில்லை. பார்த்துவிட்டு வரலாம், பழம் கொடுத்துவிட்டு வரலாம் என்றுதான் நினைத்தாள்.

ஓட்டு வீடு. முன்னறையில் கட்டிலில் தலையணைக்குச் சாய்ந்து தங்கசாமி இருந்தார். மகன் சந்தோஷ்குமார் ஆலங்குளத்தில் மெக்கானிக், அப்பாவுக்காக வந்திருந்தான். கதவைத் திறந்தது மகள் மாரிச்செல்வி. இருபத்தைந்து வயதிருக்கும். அந்தக் குரல் அவளுடையதுதான் என்பது முதல் வார்த்தையிலேயே தெரிந்தது.

ஆம்புலன்ஸ் ஆபீசிலிருந்து வருகிறேன் என்றதும் சந்தோஷ்குமார் நாற்காலியை எடுத்துப் போட்டான்.

"ஒங்கள என்னத்தச் சொல்லப்போறோம். ஒங்க டிரைவர் வந்து சொன்னாரு. எல்லாம் இவளால வந்தது. பொறந்த ஊரு பேரக்கூட ஒழுங்காச் சொல்லத் தெரியல."

மாரிச்செல்வி சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "எங்க சித்திய அச்சம்புதூர்லதான் கெட்டிக்குடுத்திருக்கு" என்றாள் மெதுவாக. அது கேட்காமல் குழல்வாய்மொழி வலது காதை அவள் பக்கம் திருப்பி, இன்னொரு முறை சொல்லச் சொன்னாள். "சித்தி ஊரு அச்சம்புதூரு. அந்த நெனப்புல வாயில வந்துட்டு போல. எனக்கு வி.கே.புதூர்னு சொன்ன மாதிரிதான் இருக்கு. ஆனா எல்லாரும் இப்படிச் சொல்லயில, நான்தான் மாத்திச் சொல்லிருக்கணும்."

தங்கசாமி மகளையே பார்த்துக்கொண்டிருந்தார். குழல்வாய்மொழி கையில் இருந்த பழப்பையைத் தரையில் வைத்தாள்.

"நீ சரியாத்தான் சொன்ன" என்றாள். "போன எடுத்தது நான்தான். எனக்கு இடது காது கேக்காது. மூணு வருசமா கேக்காது. யாருக்கும் தெரியாது. நானா ஊகிச்சு அனுப்பிச்சேன்."

வெளியே எங்கோ ஒரு டிராக்டர் போயிற்று. சந்தோஷ்குமார் எழுந்து நின்றான்.

"காது கேக்காத ஆள எதுக்கு அங்கன ஒக்கார வச்சிருக்காவொ?"

அவன் சத்தம் போட்டான். அப்பா செத்திருந்தால் யார் பொறுப்பு என்றான், போலீசுக்குப் போவேன் என்றான், பேப்பரில் போடுவேன் என்றான். அவள் எதையும் தடுக்கவில்லை. அதில் எது நடந்தாலும் இந்தப் பத்து நாளைவிட மோசமாக இருக்காது என்று தோன்றியது. கட்டிலிலிருந்து தங்கசாமி இடது கையைத் தூக்கி ஏதோ சொன்னார். குழறலாக வந்தது. அவளுக்குச் சுத்தமாகப் புரியவில்லை.

"என்ன சொல்லுதாவொ?" என்று பயந்துபோய்க் கேட்டாள்.

"காப்பி குடுக்கச் சொல்லுதாவொ" என்றாள் மாரிச்செல்வி.

சந்தோஷ்குமார் வெளியே போய் முற்றத்தில் நின்றுகொண்டான். காப்பி வர வெகுநேரம் ஆயிற்று. அடுப்படிக்குள் பாத்திரச் சத்தம் ஏதும் அவளுக்குக் கேட்கவில்லை. உண்மையிலேயே சத்தம் இல்லையா, தன் காதுக்குத்தான் எட்டவில்லையா என்று தெரியவில்லை. பிறகு மாரிச்செல்வி டம்ளரோடு வந்தாள். கண் சிவந்திருந்தது.

"மூணு மட்டம் சொன்னேன்லா?"

"ஆமா. மூணு தடவையும் சொன்ன."

"கத்திச் சொன்னேன்லா?"

"கத்தித்தான் சொன்ன."

மாரிச்செல்வி மூச்சை விட்டாள். மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை, குழல்வாய்மொழியும் எதிர்பார்க்கவில்லை. காப்பியைக் குடித்து முடித்ததும் அந்தப் பெண், "ஒரு காரியம் செய்யணும்" என்றாள். "பக்கத்து வீட்டுலயும் எதுத்த வீட்டுலயும் வந்து இத அப்படியே சொல்லிட்டுப் போங்க. நான் சொன்னா நம்ப மாட்டாவொ."

சொன்னாள். பக்கத்து வீட்டில் லோடு ஆட்டோக்காரரும் அவர் மனைவியும் கேட்டார்கள். எதிர்வீட்டில் டிவியை நிறுத்திவிட்டு நான்கு பேர் கேட்டார்கள். முக்கில் இருந்த காளீஸ்வரி என்பவள் வீட்டிலும் சொல்லச் சொன்னாள் மாரிச்செல்வி. ஊர்முழுக்கப் பேசியது அவள்தானாம். மூன்றாவது வீட்டில் சொல்லும்போது குழல்வாய்மொழி வாசலிலேயே நின்றுகொண்டாள். சொற்கள் தேய்ந்துபோயிருந்தன. எனக்குக் காது கேக்காது, இந்தப் புள்ள சரியாத்தான் சொல்லுச்சு. அவ்வளவுதான். காளீஸ்வரி வாயில் கையை வைத்துக்கொண்டாள்.

பஸ் நிறுத்தம்வரை மாரிச்செல்வி கூட வந்தாள். பஸ் வந்ததும், "பாத்து ஏறுங்க" என்று மட்டும் சொன்னாள்.

அன்று சாயங்காலமே ஜெபஸ்டினின் இரும்புக்கடைக்குப் போனாள். அவர் முழுசாகக் கேட்டுவிட்டு நெற்றியைத் தேய்த்தார்.

"அறிக்கைய அனுப்பியாச்சேம்மா. இப்பப் போய் எதுக்கு இதக் கெளறுத? அவரும் பொழச்சிட்டாரு."

"அந்தப் புள்ள மேல பழி கெடக்கு, அண்ணாச்சி. மாத்தி எழுதுங்க."

"சீசன் முடியட்டும். நீ இல்லாம இப்ப யாரு அதுல ஒக்காருவா?"

"நான் இனி மைக்கத் தொட மாட்டேன்."

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். இருபத்தோரு வருடத்தில் அவள் அவரிடம் மாட்டேன் என்று சொன்னதில்லை. அவருக்கும் அறுபத்தெட்டு வயதாகிவிட்டது. அந்த அறக்கட்டளையை இழுத்து இழுத்து அவரும் ஓய்ந்துதான் போயிருந்தார். கல்லாவுக்குப் பின்னால் இருந்த சாமுவேல் என்ற பையனை அனுப்பி லெட்டர்பேடை எடுத்து வரச் சொன்னார். இரண்டு வரி எழுதி அவளிடம் காட்டினார். 'எங்கள் தரப்பில் கேட்பதில் ஏற்பட்ட பிழை' என்றிருந்தது. அவள் பேனாவை வாங்கி 'எங்கள்' என்பதை அடித்துவிட்டுத் தன் பேரை எழுதினாள். ஜெபஸ்டின் அதைத் திரும்ப அடித்துவிட்டு 'எங்கள்' என்றே எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"இடது காது ஒனக்குக் கேக்கலன்னு மூணு வருசம் எனக்குத் தெரியல பாரு. அப்ப இது எங்க பிழைதான்" என்றார்.

சந்தோஷ்குமார் போலீசுக்குப் போகவில்லை. அறக்கட்டளைக்கு ஒரு கடிதம் எழுதினான். கடுமையாகத்தான் எழுதியிருந்தான். போன் எடுக்கிறவர்கள் இனிமேல் ஊர்ப் பேரை மட்டும் கேட்காமல், பக்கத்தில் என்ன கோயில், என்ன பள்ளிக்கூடம் என்று கேட்டு எழுத வேண்டும் என்று அதில் ஒரு வரி இருந்தது. அதை அப்படியே விதியாக்கினார்கள்.

தென்காசியில் காது டாக்டர் அவளை ஒரு சின்னக் கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து, சத்தம் கேட்டால் பட்டனை அழுத்தச் சொன்னார். வெகுநேரம் அவள் எதையும் அழுத்தாமல் உட்கார்ந்திருந்தாள். வெளியே வந்தபோது, "இதோடயா ரேடியோ வேலை பாத்தீங்க?" என்று அவர் கேட்டார். திட்டவில்லை, ஆச்சரியமாகத்தான் கேட்டார்.

மைக் முன்னால் இப்போது ஹஸீபா உட்கார்ந்திருக்கிறாள். குழல்வாய்மொழிக்குக் கீழே ஸ்டோர் அறை. ஆக்சிஜன் சிலிண்டர், கட்டுத்துணி, சலைன் பாட்டில் எது எவ்வளவு இருக்கிறது, எது காலாவதி ஆகிறது என்று பார்த்து வைக்க வேண்டும். மேலே வயர்லெஸ் கத்துவது அவளுக்கு எட்டாது. டிரைவர்கள் சாமான் எடுக்க வரும்போது முகத்துக்கு நேராக நின்று பேசுகிறார்கள். இத்தனை வருடம் பெரும்பாலும் குரலாகவே இருந்தவர்களுக்கு முகம் வந்திருக்கிறது. ஐந்தருவி வண்டி ஓட்டும் தேவாவுக்கு முன்தலை வழுக்கை என்பதே இப்போதுதான் அவளுக்குத் தெரியும்.

காது மிஷின் வந்தது. முதல் வாரம் தலைவலி. மின்விசிறி இரைகிறது, பிளாஸ்டிக் பை நொறுங்குகிறது, பஸ்ஸில் எல்லாரும் எப்போதும் பேசிக்கொண்டே இருக்கிறார்கள்; உலகம் இவ்வளவு இரைச்சலா என்றிருந்தது. மகள் போனில், "நல்லாக் கேக்குதாம்மா?" என்று கேட்டாள். "கேக்குது, வேண்டியது வேண்டாதது எல்லாம் கேக்குது" என்றாள்.

ஆவணி பிறந்து, கூட்டம் குறைந்தும் சாரல் விடாத ஒரு ஞாயிறு. இருபத்தோரு வருடத்தில் சாரல் காலத்தில் அவள் வீட்டில் இருந்த முதல் ஞாயிறு அது. கருவாட்டுக் குழம்பு வைத்தாள். ஆதித்தனுக்கு எதிரே உட்கார்ந்து, சுடச்சுட, பன்னிரண்டரை மணிக்கெல்லாம் சாப்பிட்டாள். பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்தாள். பிறகு மிஷினைக் கழற்றிப் பெட்டிக்குள் வைத்து பிரிட்ஜ் மேல் வைத்துவிட்டு, பாயை விரித்துப் படுத்தாள்.

"இன்னும் ரெண்டு மணிக்கூறு யாரு வந்தாலும் எழுப்பாதீங்க" என்றாள்.

ஆதித்தன் ஏதோ பதில் சொன்னான். அவள் கண்ணை மூடியிருந்தாள்.